வெனேராவின் ஞானத்தாய்

திந்தாரா தானாக வந்து கேட்டதுதான் முதல் தப்பு. எங்கள் ஆட்களில், கோயில் சடங்கில் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கிறேன் என்று யாரும் வாசலேறி வந்து கேட்பதில்லை. பெற்றவர்கள்தான் போய்க் கேட்பார்கள். கேட்கப்பட்டவள் "எனக்கென்ன தகுதி இருக்கு" என்று கொஞ்சம் இழுப்பாள், பிறகு அழுவாள், பிறகு காபி வரும். சிசிலியில் எரிமலை அடிவாரத்தில் இருந்தவரை இதுதான் முறை. குயின்ஸ்லாந்துக் கரும்புக்காட்டுக்கு வந்த பிறகும் அதை ஒருவரும் மாற்றவில்லை. அப்படியிருக்க, பக்கத்துத் தோட்டத்து ரொக்கோவின் பெண்டாட்டி அத்திப்பழப் பணியாரம் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, சேற்றில் செருப்பு சிக்கச் சிக்க நடந்து வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

வெனேராவின் அம்மா சாந்தினா சமையலறை மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மழைக்காலம் முடிகிற நேரம். சுவரெல்லாம் பூஞ்சை, அலமாரிக்குள் இருந்த ஞாயிற்றுக்கிழமைச் செருப்பிலும் பூஞ்சை.

"வெனேராவுக்கு மே மாசம் உறுதிபூசுதலாமே. ஆயர் வந்து நெத்தியில தைலம் பூசுறாராம்" என்றாள் திந்தாரா.

"ஆமா."

"ஆள் பாத்துட்டியா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"நான் நிக்கட்டுமா?"

சாந்தினாவின் கை நின்றது. திந்தாரா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பொறந்ததுலருந்து பாக்குற புள்ள. எனக்கும் பொம்பளப் புள்ள இல்ல. தங்கத் தோடு ஒண்ணு அம்மா குடுத்தது இருக்கு, அவளுக்குப் போடுறேன். யோசிச்சுச் சொல்லு."

"ரொக்கோ என்ன சொல்றாரு?"

"அவருகிட்ட இன்னும் சொல்லல."

இதைக் கேட்டதும் சாந்தினாவுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அதாவது, இது ரொக்கோ அனுப்பித்தான் நடக்கிறது என்பதில் சந்தேகம் தீர்ந்துவிட்டது. திந்தாரா போனதும் ஒரு பணியாரத்தை உடைத்துக் கோழிக்குப் போட்டாள். கோழி தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. அப்படியும் அவள் அதை வெனேராவின் கண்ணில் காட்டவில்லை. தின்றால் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று மொத்தத்தையும் கோழிகளுக்கே கொட்டினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. போன நவம்பரில், அரவை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, சாந்தினாவின் புருஷன் பசிலியோவின் ஓடைக்கரைக் கொல்லை எரிந்துபோயிருந்தது. கரும்பை வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதன் காய்ந்த இலையான சோகைக்குத் தீ வைப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஆலை எந்தக் கொல்லைக்கு முறை கொடுத்திருக்கிறதோ அந்தக் கொல்லைக்கு மட்டும்தான் வைக்கலாம். எரிந்த கரும்பை உடனே வெட்டி உடனே அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அன்றைக்கு முறை ரொக்கோவுடையது. காற்று பலமாக இருந்தது. தீ ரொக்கோவின் கொல்லையையும் எரித்து, நடுவிலிருந்த வாய்க்காலைத் தாண்டி பசிலியோவின் கொல்லையையும் எரித்தது. ரொக்கோவின் கரும்பு ஆலைக்குப் போயிற்று. பசிலியோவின் கரும்பு நின்ற இடத்திலேயே புளித்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பார்கள். ரொக்கோ ஆலையில் போய், "காத்து அடிக்குதேன்னு நான் தீ வைக்கவே இல்ல. பசிலியோதான் முறை தப்பி அவன் கொல்லைக்கு வச்சான், அது என் பக்கம் தாவிடுச்சு" என்று சொல்லிவிட்டான். சிலர் அப்படிச் செய்வதுண்டு. எரிந்துபோச்சு, சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையில் முந்துவார்கள். பசிலியோ அப்படிச் செய்திருந்தால் அந்தக் கொல்லைக் கரும்பை இனி வாங்கமாட்டோம் என்று ஆலை சொல்லியிருந்தது. அந்த ஓடைக்கரை வண்டல்தான் அவர்கள் தோட்டத்திலேயே நல்ல மண். விசாரணை ஜூனில், அடுத்த அரவை தொடங்கும் முன். அதாவது, ஆயர் வந்துபோன மறுவாரம்.

சாந்தினா சாட்சி. அன்றைக்கு முற்றத்து ரொட்டி அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது வாய்க்கால் கரையில் ரொக்கோ கையில் பந்தத்தோடு போவதைப் பார்த்ததாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். கோயிலில், கடையில், தபால் வாங்கப் போன இடத்தில்.

இப்போது திந்தாரா ஏன் வந்தாள் என்பதை யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒருத்தி உன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றுவிட்டால் அவள் உனக்குக் கொமாரே, நீ அவளுக்குக் கொமாரே. கூடப்பிறந்தவளைத் திட்டலாம், கொமாரேயைத் திட்டக்கூடாது. கொமாரே மேல் வழக்குப் போடக்கூடாது, அவள் வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது, அவளுக்கு அநியாயம் நடந்தால் பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடாது. இரண்டு பேருக்கும் நடுவில், இயேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பர் நிற்கிறார் என்பார்கள். அவரை ஏமாற்றியவன் சாகும்போது தண்ணீர் இறங்காது என்று எங்களுக்குப் பால்குடியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆலை முதலாளியை ஏமாற்றுகிறவன்கூட அருளப்பர் விஷயத்தில் வாலாட்டமாட்டான்.

மறுநாள் நடவு. டிராக்டரை பசிலியோ ஓட்ட, பின்னால் கோத்திருந்த நடவுப் பெட்டியின் இருக்கையில் சாந்தினா குனிந்து உட்கார்ந்து, கரும்புத் துண்டுகளான கரணைகளை ஒவ்வொன்றாகக் குழாயில் போட்டுக்கொண்டே போனாள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் ஊரில் முக்கால்வாசிக் குடும்ப ரகசியங்கள் நடவு நேரத்தில்தான் நாலு தோட்டத்துக்குக் கேட்கும்.

"வாயக் கட்டப் பாக்குறா" என்று கத்தினாள் சாந்தினா.

"யாரு?"

"உன் சினேகிதன் பொண்டாட்டி. வெனேராவுக்கு நிக்கிறாளாம்."

பசிலியோ வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். அவன் சண்டைக்காரன் இல்லை. சண்டை என்றால் தூக்கம் போய்விடும் அவனுக்கு.

"நல்ல மனசோட கேட்டிருந்தா?"

"நல்ல மனசு நவம்பர்ல எங்க போச்சு? தீய அணைக்க ஒரு வாளி தண்ணி கொண்டாந்தாளா?"

"அவ பொம்பள என்ன செய்வா, சாந்தினா. ரொக்கோ முரடன். போன வருசம் அவ கை வீங்கியிருந்துச்சே, கோழிக்கூண்டுல இடிச்சிக்கிட்டேன்னு சொன்னா."

"கோழிக்கூண்டோ குதிரைக்கூண்டோ. தோடு போடுறேங்குறா. தங்கத் தோட்டுக்கு ஒரு கொல்லையா?"

"சரின்னு சொல்லிட்டா சண்டை தீந்துடும்ல. பக்கத்து வீடு. சாகுற வரைக்கும் மூஞ்சியப் பாக்கணும்."

"சண்டை தீரும். மண்ணும் தீரும். அப்புறம் ஆலைக்காரன்கிட்ட நீ போயி, ஆமாங்க நான்தான் தீ வச்சேன்னு கையெழுத்து போட்டுட்டு வா."

பசிலியோ திரும்பி வண்டியைக் கிளப்பினான். அவன் அப்படித்தான், பேச்சு முற்றினால் கியரைப் போடுவான்.

வேறு ஆள் தேடுவது லேசாக இல்லை. ஞானஸ்நானத்துக்கு நின்றவளே உறுதிபூசுதலுக்கும் நிற்கக்கூடாது என்பது சட்டம். மற்ற வீடுகளில் கேட்டால் ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்தி அந்த மாதம் கடற்கரையில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். எல்லாம் ஒன்றுதான். சாந்தினாவுக்குக் கொமாரே ஆகிவிட்டால் விசாரணையில் சாந்தினா பக்கம் நிற்கவேண்டி வரும், ரொக்கோவின் வாய்க்கு யார் பதில் சொல்வது என்ற பயம். திந்தாரா கேட்டுவைத்திருக்கிறாள் என்ற செய்தியும் அதற்குள் பரவிவிட்டது. ஒருத்தி போட்ட துண்டை எடுத்துவிட்டு இன்னொருத்தி உட்காரமாட்டாள்.

வெனேராவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவளுடைய கவலை ஞானோபதேசம். ஆயர் கோயிலில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று கன்னியர் மடத்து மதர் பயமுறுத்தி வைத்திருந்தார். பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களைச் சொல்லிக்கொண்டே துணி உலர்த்துவாள். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி. ஏழாவது வராது.

"தெய்வபயம்டி" என்பாள் சாந்தினா அடுப்படியிலிருந்து.

"மம்மா, திந்தாராக்கா நல்லவங்கதானே? எனக்கு நிக்கிறேன்னு சொன்னாங்களாமே."

"நீ எட்டாவது வரம் ஏதாச்சும் இருக்கான்னு பாரு. பெரியவங்க பேச்சுல தலையிடாம இருக்குற வரம்."

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் பங்குக் குரு கல்லினன் சாமி. அயர்லாந்துக்காரர், நல்ல மனிதர், எங்களை இருபது வருடம் பார்த்தும் ஒன்றும் புரியாதவர். பூசை முடிந்து சாந்தினா தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கஷ்டம்? ஆள் இல்லாத பொண்ணுங்களுக்கெல்லாம் மிஸஸ் ஹெஃபர்னன் நிக்கிறாங்க. ஒரே ஆள் வரிசையா தோள்ல கைய வச்சுக்கிட்டே போவாங்க. சட்டப்படி சரிதான்."

"ஒரே ஆளா சாமி? அத்தனை பேருக்குமா?"

"ஏன், அவங்களுக்குக் கை வலிக்கும்னு பாக்குறியா?"

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி ஹெஃபர்னன் அம்மாள். தொப்பியும் கையுறையும் இல்லாமல் தெருவில் இறங்கமாட்டாள். எங்கள் பெயர் ஒன்றைக்கூட அவளால் நேராகச் சொல்ல முடியாது. சாந்தினா வீடு வருகிற வழியெல்லாம் அதை நினைத்துப் பார்த்தாள். ஹெஃபர்னன் அம்மாளுக்குக் கொமாரே என்றால் என்னவென்று தெரியாது. அருளப்பர் நடுவில் நிற்பது தெரியாது. கையை வைப்பாள், எடுப்பாள், டீ குடிக்கப் போய்விடுவாள். யாருடைய வாயும் கட்டப்படாது. இதைவிடப் பத்திரமான ஞானத்தாய் உலகத்தில் கிடைக்கமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது.

திந்தாராவுக்குப் பதில் சொல்ல வாய்க்கால் வரை போனாள். திந்தாரா அந்தப் பக்கம் களை கொத்திக்கொண்டிருந்தாள். தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருந்தாள் சாந்தினா. வெறும் தட்டு. எங்களில் தட்டை வெறுமையாகத் திருப்புவது எவ்வளவு பெரிய பேச்சு என்று இருவருக்கும் தெரியும்.

"சாமி ஹெஃபர்னன் அம்மாவப் போட்டுட்டாரு" என்றாள்.

"சாமி போட்டாரா, நீ கேட்டியா?"

"என்னமோ ஒண்ணு."

திந்தாரா தட்டை வாங்கிக்கொண்டாள். வெயிலுக்குக் கட்டியிருந்த துணியை நெற்றியிலிருந்து மேலே தள்ளினாள். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது.

"சாந்தினா, இன்னும் மூணு வாரம் இருக்கு. வேணும்னா இன்னொரு தடவ யோசி."

"யோசிச்சாச்சு."

"எனக்காகக் கேக்கல."

"உன் புருஷனுக்காகக் கேக்குற. தெரியும்."

திந்தாரா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் ரொக்கோ எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து கொத்த ஆரம்பித்தாள். பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் வாயடைத்துவிட்டாள் என்று சாந்தினா அன்றிரவு பசிலியோவிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆயர் வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. வெனேரா வெள்ளை உடுப்பும் முக்காடும் போட்டு, மற்றப் பிள்ளைகளோடு பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் முழந்தாளிட்டாள். மற்றப் பெண்களுக்குப் பின்னால் அவரவர் ஞானத்தாய் கண்ணீரும் கைக்குட்டையுமாக நின்றார்கள். ஆள் இல்லாத பெண்கள் வரிசைக் கடைசியில். ஹெஃபர்னன் அம்மாள் வலது கையுறையை மட்டும் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, ஆயர் நகர நகர அவளும் நகர்ந்தாள். வெனேராவின் தோளில் கை வந்தது, நெற்றியில் தைலம் பட்டது, ஆயர் கன்னத்தில் லேசாகத் தட்டினார், கை போய்விட்டது. வெனேரா திரும்பிப் பார்த்தபோது ஹெஃபர்னன் அம்மாள் அடுத்த தோளுக்குப் போயிருந்தாள்.

பிறகு ஆயர் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, இருபத்தொரு வயதுவரை மது தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். இது அயர்லாந்துக்காரர்களின் ஏற்பாடு. மத்தியானம் சாப்பாட்டில் பசிலியோ வழக்கம்போலத் தண்ணீர் கலந்து ஒரு வாய் திராட்சரசம் ஊற்றினான், வெனேரா கையால் டம்ளரை மூடிக்கொண்டாள்.

"திராட்சரசம் மதுவா? இது சாப்பாடு" என்றான் பசிலியோ.

"சத்தியம் பண்ணிட்டேன் பப்பா."

"எவனோ ஒரு அயர்லாந்துக்காரன் என் வீட்டு மேசைக்கு வந்து என் பொண்ணு டம்ளர மூடுறான். இதுல எனக்கு ஏதோ சூழ்ச்சி இருக்குன்னு படுது."

அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தது அதற்கு மட்டும்தான். கோழி இருந்தது, அடைத்துப் பொரித்த கத்தரிக்காய் இருந்தது, ஆனால் மேசையில் ஞானத்தாய்க்கு என்று ஒதுக்கும் நாற்காலியில் ஆள் இல்லை. ஹெஃபர்னன் அம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் நன்றி சொல்லி ஒரு ஜெபமாலையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டாள். வெனேரா சாப்பிட்டு முடித்ததும் முக்காட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள். அதைப் பார்க்க சாந்தினாவுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் மண் முக்கியம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

விசாரணை ஆலை அலுவலகத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எங்கள் பேச்சை அவர்களுக்கு மாற்றிச் சொல்ல டவுன் மளிகைக்கடைக்காரர். ரொக்கோ முடியை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் திந்தாரா.

"நீங்க என்ன பாத்தீங்க?" என்று சாந்தினாவிடம் கேட்டார்கள்.

"ரொக்கோவ. வாய்க்கால் கரையில."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"முதுகு. தொப்பி. அவரு நடை எனக்குத் தெரியாதா?"

"கையில என்ன இருந்தது?"

சாந்தினா வாயைத் திறந்தாள். ஏழு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லும்போது கையில் பந்தம் இருந்தது. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு நினைத்துப் பார்த்தால் அந்தக் கை கண்ணுக்குத் தெரியவில்லை. சோகைக்கு மேலே ஒரு தொப்பி போனது. அவ்வளவுதான் தெரிந்தது.

"கை தெரியல" என்றாள்.

"அப்ப தீ எரிஞ்சுக்கிட்டிருந்துச்சா?"

"இல்ல. கொஞ்சம் கழிச்சு."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு திந்தாராவைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டு, "நான் சமையக்கட்டுல இருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சாந்தினாவைப் பார்க்கவில்லை, ரொக்கோவையும் பார்க்கவில்லை. சத்தியப் பிரமாணம் வாங்கிய சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார்கள். தீயை ரொக்கோதான் வைத்தான் என்பதற்குச் சாட்சி இல்லை, பசிலியோவின் கரும்பு முறையில்லாமல் எரிந்தது நிச்சயம். ஓடைக்கரைக் கொல்லைக் கரும்பை ஆலை எடுக்காது. பசிலியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதையே இரண்டாம் முறை கேட்டான். கடைக்காரர் இரண்டாம் முறையும் அதையே சொன்னார்.

மறுநாள் ரொக்கோ டவுனுக்குப் போன நேரம் பார்த்து சாந்தினா வாய்க்காலைத் தாண்டினாள். திந்தாரா பின்வாசலில் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். சாந்தினா வாயில் வந்த வசவையெல்லாம் எறிந்தாள். திந்தாரா பிழிந்துகொண்டே இருந்தாள். எல்லாம் தீர்ந்து சாந்தினா மூச்சு வாங்கியபோது, போர்வையின் மறுமுனையை அவளிடம் நீட்டினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சாந்தினா அதைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள்.

"நான் பின்னாலயே போனேன்" என்றாள் திந்தாரா. "தண்ணி டின்னத் தூக்கிக்கிட்டு. காத்து அடிக்குது, வேணாம்னு சொன்னேன். அவரு பந்தத்தக் கொளுத்தினத ரெண்டு கை தூரத்துல நின்னு பாத்தேன்."

"நேத்து ஒண்ணும் பாக்கலைன்னு சிலுவையத் தொட்டுச் சொன்ன."

"ஆமா."

"எதுக்குடி?"

"நான் யாருக்காகச் சொல்லணும்? பக்கத்து வீட்டுக்காரிக்காகப் புருஷனக் காட்டிக் குடுத்தா அன்னிக்கே என்னக் கொன்னு வாய்க்கால்ல போட்டிருப்பான். ஊரு என்ன சொல்லும்? நல்லா வேணும்னு சொல்லும். கொமாரேக்காகச் சொல்லியிருந்தா அவனால ஒரு வார்த்த பேச முடியாது. அருளப்பருக்கு அவனும் பயப்படுவான். ஊரே என் பின்னால நின்னிருக்கும். அவ என்ன செய்வா, கொமாரேயாச்சேன்னு."

சாந்தினா முறுக்குவதை நிறுத்தினாள்.

"அதுக்குத்தான் வந்து கேட்டேன்" என்றாள் திந்தாரா. "ரெண்டு தடவ கேட்டேன்."

"வாயத் தொறந்து இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ ஊரு பூரா சொல்லியிருக்க மாட்டியா?"

சாந்தினா போர்வை முனையை நீட்டினாள். திந்தாரா போர்வையை வாங்கிக் கொடியில் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பசிலியோ படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைக்கூடக் கூட்டாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக. அவன் ஒரு காலில் பூட்ஸோடு கேட்டுக்கொண்டிருந்தான். ஓடைக்கரைப் பக்கம் போன மாதம் நட்ட கரணைகள் விரல் உயரம் முளைத்திருந்தன.

"நீ அவ சொல்றத நம்புறியா?" என்று கேட்டான்.

"நம்பாம இருந்துட்டா நிம்மதியா இருக்கும்" என்றாள் சாந்தினா. "முடியலையே."